அவரோவாவில் தண்ணீர் வழிவிடும் நேரம்

கேள்வி சுருக்கமாக இதுதான். மார்ச்சில் நியூசிலாந்து வரும் ஒரு குடும்பம், கணவன், மனைவி, 14 வயது மகன், தென்தீவின் வடக்கு ஓரத்தில் இருக்கும் ஏபெல் டாஸ்மன் கடலோரப் பாதையில் நான்கு நாள் நடக்க விரும்புகிறது. கொடைக்கானல், ஏலகிரி என்று கொஞ்சம் நடந்து பழகியவர்கள். "வழியில் கடல்நீர் ஏறி இறங்கும் கழிகளை இறங்கித்தான் கடக்கவேண்டும் என்கிறார்கள். என் மனைவிக்கு நீச்சல் தெரியாது. ஆபத்தா? ஒரு நாளைக்கு எத்தனை கிலோமீட்டர் என்று பிரித்துக்கொள்வது?" என்று கணவர் கேட்டிருக்கிறார்.

கிலோமீட்டரை இப்போதைக்கு ஓரமாக வைத்துவிடுங்கள். இந்தப் பாதையில் நாளைப் பிரித்துக் கொடுப்பது தூரம் இல்லை, கடல். மராஹாவ் என்ற சின்ன ஊரிலிருந்து வடக்கே வைனுயி வரை மொத்தம் 60 கி.மீ. நன்றாகப் பராமரிக்கப்படும் பாதை, பெரிய ஏற்றங்கள் கிடையாது. மூன்று முதல் ஐந்து நாளில் முடிப்பார்கள். நீங்கள் மூவரும் நடந்துவிடுவீர்கள், அதில் சந்தேகமே இல்லை. ஆனால் நடுவில் அவரோவா என்று ஒரு கழிமுகம் இருக்கிறது. அதற்குப் பாலம் இல்லை, சுற்றுப்பாதை இல்லை. ஓதம், அதாவது கடல்நீரின் ஏற்ற இறக்கம், வற்றியிருக்கும் சில மணி நேரம் மட்டும் அதன் தரையில் நடந்து போகலாம். மற்ற நேரமெல்லாம் அது கடல். எனவே திட்டம் அவரோவாவில் தொடங்கி, அங்கிருந்து முன்னும் பின்னும் நீளவேண்டும்.

நம்மூர்க் கடற்கரையில் வளர்ந்தவர்களுக்கு இது சட்டென்று பிடிபடாது. மெரினாவில் தண்ணீர் ஏறுவதும் இறங்குவதும் ஏறக்குறைய ஒரு மீட்டர் அளவுக்குள்தான். அலையின் ஆட்டத்தில் அது கண்ணுக்கே தெரியாது. இந்தப் பாதை ஒட்டிப் போகும் டாஸ்மன் விரிகுடாவில் பெரிய ஓத நாட்களில் அந்த வித்தியாசம் நான்கு மீட்டரைத் தொடும். காலையில் படகு மிதந்த இடத்தில் மதியம் நண்டு ஓடும். மராஹாவில் படகுச் சவாரிக்குப் போனால் முதல் வேடிக்கையே இதுதான்: படகு தெருவில் டிராக்டருக்குப் பின்னால் வண்டியில் நிற்கும். ஏறி உட்கார்ந்து உயிர்காப்பு உடுப்பை மாட்டிக்கொண்டால், டிராக்டர் அப்படியே தார்ச் சாலையில் இழுத்துப்போய், வற்றிக் கிடக்கும் மணல்வெளியைத் தாண்டி, தண்ணீர் எங்கே இருக்கிறதோ அங்கே கொண்டுபோய் இறக்கும்.

அவரோவாவுக்கு அதிகாரப்பூர்வ விதி ஒன்று உண்டு. வற்றம், அதாவது தண்ணீர் இறங்குவது, உச்சத்துக்கு வருவதற்கு ஒன்றரை மணி நேரம் முன்னாலிருந்து, அதற்குப் பிறகு இரண்டு மணி நேரம் வரை. மொத்தம் மூன்றரை மணி நேரம். இது தோராயமாகச் சொன்ன எண் இல்லை. கடல் ஒரே வேகத்தில் ஏறுவதில்லை. வற்றத்திலிருந்து பெருக்குக்குப் போக ஆறு மணி நேரத்துக்குச் சற்றுமேல் ஆகிறது. மொத்த ஏற்றத்தைப் பன்னிரண்டு பங்காக வைத்துக்கொண்டால், முதல் மணி நேரத்தில் ஒரு பங்கு, இரண்டாவதில் இரண்டு, மூன்றாவதிலும் நான்காவதிலும் மும்மூன்று, அப்புறம் இரண்டு, கடைசியில் ஒன்று. கடலோடிகள் காலகாலமாக வைத்திருக்கும் மனக்கணக்கு இது. நான்கு மீட்டர் ஏறும் நாளில் இதைப் போட்டுப் பாருங்கள். முதல் இரண்டு மணி நேரம் சேர்ந்து ஏறுவது ஒரு மீட்டர். மூன்றாவது மணி நேரம் தனியாக இன்னொரு மீட்டர். இரண்டு மணி நேரத்தோடு ஏன் நிறுத்தச் சொல்கிறார்கள் என்பது இப்போது விளங்கும். முன்பக்கம் ஏன் ஒன்றரை மணி நேரம்தான்? கழிக்குள் தேங்கிய நீர் குறுகலான வாய் வழியாக வடிய நேரம் பிடிக்கும். போதாததற்கு உள்ளே ஓர் ஆறும் கலக்கிறது. மவோரி மொழியில் 'அவா' என்றால் ஆறு, 'ரோவா' என்றால் நீளம். நெடிய ஆறு என்று ஊருக்கே பெயர்.

நான் முதன்முறை போனபோது பட்டதைச் சொல்கிறேன். வடக்கிலிருந்து, படகு வந்துபோகும் டோட்டரனுயி கடற்கரையில் இறங்கி வந்தோம். கையிலிருந்த அட்டவணையில் வற்றம் மதியம் 1.10 என்றிருந்தது. பன்னிரண்டு மணிக்குக் கழியின் வடகரையில் நிற்கிறோம். கணக்குப்படி வழி திறந்திருக்கவேண்டும். எதிரே பார்த்தால் ஏரி. நடுவில் ஓடும் வாய்க்காலில் நீரோட்டம் சுழித்துக்கொண்டு போகிறது. உடன் வந்த நண்பர் செருப்பை மாற்றிக்கொண்டு இறங்கிவிட்டார். பத்தடி போவதற்குள் தொடை வரை வந்துவிட்டது. கரையில் சிப்பிமேட்டில் ஒரு வயதான அம்மா ஃபிளாஸ்கில் டீ வைத்துக் குடித்துக்கொண்டிருந்தார். எங்களைப் பார்த்து, "கோடைகால நேரத்துக்கு ஒரு மணி சேர்த்தீர்களா?" என்று மட்டும் கேட்டார். சேர்க்கவில்லை. இந்த நாட்டில் செப்டம்பர் கடைசியிலிருந்து ஏப்ரல் முதல் ஞாயிறு வரை கடிகாரம் ஒரு மணி நேரம் முன்னால் ஓடும். நான் பார்த்த அட்டவணை அதைச் சேர்க்காதது. உண்மையான வற்றம் 2.10. நாங்கள் நின்றது இரண்டு மணி நேரத்துக்கும் மேல் முன்னால்.

நண்பர் திரும்பி வந்து உட்கார்ந்தார். செய்ய வேறு வேலை இல்லாததால் நீர் விளிம்பில் ஒரு குச்சியை நட்டுவைத்தேன். பத்து நிமிடத்தில் தண்ணீர் குச்சியை விட்டு மூன்று எட்டு தள்ளிப் போயிருந்தது. இன்னொரு குச்சி. அப்புறம் இன்னொன்று. ஏரியாக இருந்தது கொஞ்சம் கொஞ்சமாக மணல்மேடு மணல்மேடாக வெளியே வந்தது. ஒரு மணிக்கு அந்த அம்மா எழுந்து, பாவாடை ஓரத்தைச் செருகிக்கொண்டு, எங்களைத் திரும்பிக்கூடப் பார்க்காமல் நடந்து போனார். பின்னாலேயே நாங்களும். வாய்க்காலில் முழங்கால் தண்ணீர், அவ்வளவுதான்.

எனவே அட்டவணை பார்க்கும்போது முதல் கேள்வி: இதில் கோடைகால நேரம் சேர்ந்திருக்கிறதா? நீங்கள் மார்ச்சில் வருவதால் இது உங்களுக்கு நேராகப் பொருந்தும். பாதையைப் பராமரிக்கும் இயற்கைப் பாதுகாப்புத் துறை, அதாவது டாக், அவரோவாவுக்கான நேரங்களை வெளியிடுகிறது. சந்தேகம் இருந்தால் அவர்கள் அலுவலகத்தில் ஒரு வார்த்தை கேட்டுவிடுங்கள்.

சரி, திட்டத்துக்கு வருவோம். உங்கள் நான்கு நாளுக்கு இரண்டு வழி இருக்கிறது. ஒன்று, மராஹாவிலிருந்து வடக்கே நடந்து ஆங்கரேஜ், பார்க் பே, அவரோவா என்று மூன்று குடில்களில் தங்கி, நான்காம் நாள் காலை கழியைக் கடந்து டோட்டரனுயியில் படகு பிடித்துத் திரும்புவது. இரண்டு, முதல் நாளே படகில் டோட்டரனுயி போய், அன்றே அவரோவாவைக் கடந்து, மற்ற மூன்று நாளும் தெற்கே மராஹாவை நோக்கி நடப்பது. அவரோவா குடில் கழியின் தென்கரையில் இருக்கிறது என்பதை மனதில் வையுங்கள். முதல் வழியில் கழி உங்கள் கடைசி நாளின் காலை. இரண்டாவது வழியில் முதல் நாளின் மதியம். ஆகவே உங்கள் தேதிகளில் வற்றம் காலையில் வந்தால் வடக்கே நடங்கள். மதியம் வந்தால் தெற்கே நடங்கள். இதைத் தலைகீழாக்கினால் வம்பு. கடைசி நாள் வற்றம் மாலை மூன்று மணிக்கு என்றால், கடந்து, மேலும் நடந்து டோட்டரனுயி சேரும்போது படகு போயிருக்கும்.

இரண்டில் எனக்குப் பிடித்தது தெற்கு நோக்கிய நடைதான். பயப்படுகிற காரியம் முதல் நாளே முடிந்துவிடும். கடைசி நாள் எந்தப் படகையும் துரத்தவேண்டாம், ஆங்கரேஜிலிருந்து 12.4 கி.மீ. நடந்து நேராக உங்கள் கார் நிற்கும் இடத்துக்கே வந்துவிடலாம். டோட்டரனுயியிலிருந்து அவரோவா குடில் ஏறக்குறைய 7 கி.மீ. கையில் மகனும் கேமராவும் இருந்தால் இரண்டரை, மூன்று மணி நேரம் வையுங்கள்.

வற்றத்தின் நேரம் தினமும் சுமார் 50 நிமிடம் தள்ளிப்போகும். இன்று 2.10 என்றால் நாளை மூன்று மணி வாக்கில். ஒரு வாரத்தில் ஏறக்குறைய ஆறு மணி நேரம் நகர்ந்துவிடுவதால், இந்த வாரம் மதிய வற்றம் என்றால் அடுத்த வாரம் காலை வற்றம். குடில் பதிவு செய்வதற்கு முன்னாலேயே இதைப் பார்த்துவிடலாம். ஓதம் ஆண்டுக்கணக்கில் முன்கூட்டியே கணிக்கப்படுகிற விஷயம். பலர் முதலில் குடிலைப் பதிந்துவிட்டுப் பிறகு ஓதத்தைப் பார்க்கிறார்கள், விடிகாலை ஐந்து மணிக்கு டார்ச் அடித்துக்கொண்டு கழியில் இறங்குகிறார்கள். மார்ச்சில் விடிவதே ஏழு மணிக்கு மேல்தான். இருட்டில் கடக்கவேண்டாம்.

வீட்டில் பஞ்சாங்கம் இருந்தால் இன்னொன்றும் பார்க்கலாம். நல்ல நேரத்துக்காக இல்லை, திதிக்காக. அமாவாசை, பௌர்ணமியை ஒட்டி, பெரும்பாலும் ஓரிரு நாள் கழித்து, ஏற்றவற்றம் மிகப் பெரிதாக இருக்கும். அஷ்டமியை ஒட்டி மிகச் சிறிதாக. இதில் எது உங்களுக்கு நல்லது என்பது அவ்வளவு நேரான கேள்வி இல்லை. அமாவாசைக்கு மறுநாள் கழி நன்றாக வற்றும், வாய்க்காலில் தண்ணீர் குறைவு. ஆனால் ஓதம் திரும்பும்போது கடல் விரட்டிக்கொண்டு வரும். அஷ்டமி வாக்கில் வற்றமே அரைகுறையாகத்தான் இருக்கும், வாய்க்கால் கொஞ்சம் ஆழம். ஆனால் ஏற்றம் நிதானம். நீச்சல் தெரியாதவர் கூட இருந்தால் நான் முதலாவதைத்தான் எடுப்பேன். நேரத்தை நாம் கட்டுப்படுத்தலாம், ஆழத்தை முடியாது. எந்தத் திதியானாலும் வற்ற நேரத்துக்கு அரை மணி முன்னால் இறங்குவது என் வழக்கம். நடுவில் ஏதாவது தடங்கல் என்றால் கடலே நமக்குச் சாதகமாக இன்னும் இறங்கிக்கொண்டிருக்கும்.

இப்போது உங்கள் மனைவியின் கேள்வி. வெயில் நாளில், சரியான நேரத்தில், அவரோவா ஆபத்தானது இல்லை. நீந்த வேண்டிய இடம் இல்லை. முழங்கால் வரை நனையும். ஆரஞ்சு நிற அடையாளங்கள் அக்கரையைக் காட்டும், அதை நோக்கி நடந்தால் போதும். தரையில் சேற்றைவிட மட்டிச் சிப்பிகள்தான் அதிகம், உடைந்தவை கத்திமாதிரி இருக்கும். வெறுங்காலோடு இறங்கவே கூடாது. ரப்பர் செருப்பும் உதவாது, மணல் கவ்வி இழுத்துக்கொள்ளும். பின்பட்டை உள்ள சாண்டல் வேண்டும். ஓடும் நீரில் கால் வைக்கும்போது பையின் இடுப்புப் பட்டையையும் மார்புப் பட்டையையும் அவிழ்த்துவிடுங்கள். விழுந்தால் பையை உதறிவிட்டு எழவேண்டும். பையனை நடுவில் விட்டு, மூவரும் ஒருவர் கையை ஒருவர் கோத்துக்கொண்டால் அம்மாவுக்குத் தைரியமாக இருக்கும். பையன் வெட்கப்படுவான், பரவாயில்லை.

ஆனால் முந்தைய இரவு கொட்டும் மழை பெய்திருந்தால் கதை வேறு. ஆறு பெருகி வரும். அட்டவணைக்கு அது தெரியாது. காற்றழுத்தம் குறைந்தாலும் கடல்மட்டம் உயரும், ஒரு மில்லிபாருக்கு ஏறக்குறைய ஒரு சென்டிமீட்டர். அந்த நாளில் காத்திருப்பதுதான் வழி. அவரோவாவில் படகுகள் வருவதால் அடுத்த பக்கத்துக்குப் படகில் போய்விடவும் முடியும். அதற்குக் கொஞ்சம் பணமும் ஒரு நாள் இடைவெளியும் கையில் இருக்கட்டும்.

மற்ற கடப்புகள் இந்த அளவுக்கு இல்லை. ஆங்கரேஜுக்கும் பார்க் பேக்கும் நடுவில் இருக்கும் டொரன்ட் பேயில் வற்றத்துக்கு இரு பக்கமும் இரண்டு மணி நேரம் குறுக்கே நடக்கலாம். தவறினால் கழியைச் சுற்றிக் காட்டுப்பாதை இருக்கிறது, கூடுதலாக ஒரு மணி நேரம். நேரம் இருந்தால் வேண்டுமென்றே அந்தச் சுற்றுப்பாதையில் போங்கள். வழியில் கிளியோபாட்ரா குளம் என்ற இடத்துக்குப் பிரியும் பாதை உண்டு; பாசி படிந்த பாறையில் சறுக்கிக் குளத்தில் விழலாம். 14 வயதுக்கு அதைவிட வேறென்ன வேண்டும்? தண்ணீர் மட்டும் ஐஸ். பார்க் பேயிலும் சுற்றுப்பாதை உண்டு. ஒனெட்டாஹூட்டி கடற்கரையில் முன்பு நீரில் இறங்கவேண்டியிருந்தது, இப்போது பாலமும் மரநடையும் போட்டுவிட்டார்கள். பழைய பயணக் குறிப்புகளைப் படித்துக் குழம்பவேண்டாம்.

கடலோர நடை என்றதும் நாள் முழுக்க மணலில் நடப்பதாக நினைத்துக்கொள்வார்கள். உண்மையில் பெரும்பகுதி காட்டுக்குள். மரம் அளவு வளர்ந்த பெரணிகளுக்கு அடியில் வளைந்து வளைந்து முனை ஏறுவீர்கள், இறங்கினால் ஒரு கடற்கரை, மறுபடி ஏற்றம். மணல் பொன்னிறம். இந்தக் கரையின் கிரானைட் பாறை பொடிந்து வந்த மணல் அது. ஃபால்ஸ் ஆற்றின் மேல் 47 மீட்டர் தொங்குபாலம் ஆடிக்கொண்டே இருக்கும், உங்கள் மனைவிக்குக் கழியைவிட இதுதான் வயிற்றைக் கலக்கும் என்று நினைக்கிறேன்.

அவரோவா கடற்கரையைப் பற்றி ஒரு கதை. கழிமுகத்துக்குப் பக்கத்தில் 7 ஹெக்டேர் கடற்கரை நிலம் தனியாருக்குச் சொந்தமாக இருந்து 2016இல் விற்பனைக்கு வந்தது. பணக்காரர் யாராவது வாங்கி வேலி போட்டுவிடுவார்களோ என்று கிறைஸ்ட்சர்ச்சைச் சேர்ந்த மச்சான்கள் இருவர் இணையத்தில் உண்டியல் குலுக்கினார்கள். ஏறக்குறைய 40,000 பேர் பணம் போட்டார்கள், 20 லட்சம் நியூசிலாந்து டாலருக்கு மேல் சேர்ந்தது. நிலத்தை வாங்கி அதே ஆண்டு இந்தப் பாதை போகும் தேசியப் பூங்காவோடு சேர்த்துவிட்டார்கள். அந்த மணலில் உட்கார்ந்து மதியச் சாப்பாடு சாப்பிடும்போது இது ஞாபகத்துக்கு வரும். பூங்காவின் பெயருக்குரிய டச்சு மாலுமி ஏபெல் டாஸ்மன் 1642 டிசம்பரில் இரண்டு கப்பல்களோடு வந்து, சற்று மேற்கே நங்கூரமிட்டார். அங்கிருந்த நாத்தி தூமாத்தாகோக்கிரி மக்களோடு ஏற்பட்ட மோதலில் அவருடைய ஆட்கள் நால்வர் இறந்தார்கள். கரையில் கால் வைக்காமலேயே கப்பலைத் திருப்பினார். சரியாக 300 ஆண்டு கழித்து, 1942இல், இந்தப் பூங்காவை அமைத்து அவர் பெயரை வைத்தார்கள். கால் வைக்காத கரைக்கு!

குடில்கள் வசதியானவை: மெத்தை போட்ட அடுக்குப் படுக்கை, குழாய்த் தண்ணீர், கழிப்பறை. ஆனால் அடுப்பு கிடையாது. கேஸ் அடுப்பும் பாத்திரமும் நீங்களே சுமக்கவேண்டும். கேஸ் குப்பியை விமானத்தில் ஏற்ற விடமாட்டார்கள், பக்கத்து நகரமான நெல்சனில் வாங்கிக்கொள்ளுங்கள். ஆண்டு முழுக்க முன்பதிவு கட்டாயம், மார்ச்சுக்கு இடம் சீக்கிரம் தீர்ந்துவிடும். குடில் நிரம்பிவிட்டால் கடலோரத்தில் கூடார இடங்கள் நிறைய உண்டு. பெரும்பாலான இடங்களில் கைபேசி எடுக்காது. ஆபத்தில் செயற்கைக்கோள் வழியாக உதவி கேட்கும் அவசர பீக்கன் கருவி ஒன்றை வாடகைக்கு எடுங்கள்.

சாண்ட்ஃப்ளை என்ற கறுப்புப் பூச்சி கொசுவில் பாதி இருக்கும், கடித்தால் ஒரு வாரம் சொறியவேண்டும். மார்ச்சில் குளவியும் அதிகம், ஒவ்வாமை இருந்தால் மாத்திரை மறக்காதீர்கள். வெக்கா என்று பறக்காத பறவை ஒன்று, நம்மூர்க் காக்காவின் புத்தியும் கோழியின் காலும் கொண்டது, குடில் வாசலில் சுற்றும். என் சாக்ஸ் ஒன்று இன்னும் அதனிடம்தான் இருக்கிறது. வெயில் இதமாகத் தெரியும், ஏமாறாதீர்கள். இங்கே புற ஊதா கடுமை. கறுப்புத் தோலும் உரியும்.

கடைசியாகச் சாப்பாடு, ஏனென்றால் நம் ஆட்கள் மாட்டிக்கொள்வது அங்கேதான். விமான நிலையத்தில் உணவுப் பொருளைச் சொல்லாமல் மறைத்தால் அங்கேயே 400 நியூசிலாந்து டாலர் அபராதம். ஊறுகாயோ, பருப்புப்பொடியோ, எதுவாயிருந்தாலும் வருகைப் படிவத்தில் 'ஆம்' என்று குறித்துவிட்டு எடுத்துக் காட்டுங்கள். சரியில்லை என்றால் எடுத்துக்கொள்வார்கள், அபராதம் கிடையாது. நடைக் காலணியில் ஏலகிரி மண் ஒட்டியிருந்தால் அதையும் ஊரிலேயே கழுவிவிட்டு வாருங்கள், கேட்டுப் பார்ப்பார்கள். நான் ஒவ்வொரு முறையும் இரண்டாம் நாள் இரவுக்குப் புளிக்காய்ச்சல் எடுத்துப்போகிறேன், இங்கேயே கிளறியது. பார்க் பே குடிலில் சாதம் வடித்துக் கிளறினால் பக்கத்து மேசை ஜெர்மன்காரர்கள் தட்டோடு வந்து நிற்பார்கள். கொஞ்சம் கூடுதலாகவே எடுத்துவையுங்கள்.